மதிய வகுப்பு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே சித்ரா சண்டைக்குத் தயாராக இருந்தாள். ஜன்னலோரத்தில் வெயில் முகத்தில் அடிக்க, கேட்க வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். அந்தப் பிரபாவதி மிஸ் முகத்துக்கு நேராக நின்று கேட்டுவிட வேண்டும். ஸ்கூலுக்குத் தெரியாமல் மத்தியானத்தில் என் பெண்ணை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவளோடு என்ன பேசுகிறீர்கள்?

சந்தேகம் அவளுடைய பிறவிக் குணம். விக்கிரவாண்டி டோல்கேட் வேலை அதைச் சாணை பிடித்துக் கொடுத்திருந்தது. வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டிய காரில் கோழிக்கூண்டு போவதையும், கல்யாண கோஷ்டி ஒன்று ஆம்புலன்ஸில் ஏறி சைரன் போட்டுக்கொண்டு வருவதையும் பார்த்துப் பார்த்து, எந்த முகத்தையும் அவள் முதல் பார்வையில் நம்புவதில்லை. "உன் கையால சோறு வாங்கித் துன்றதுக்கே ஐடி கார்டு காட்டணும் போல" என்று அவள் கணவன் குமரேசன் கேலி செய்வான். அவன் லாரி ஓட்டுகிறவன். இப்போது நாக்பூர் பக்கம் எங்கேயோ லோடோடு போய்க்கொண்டிருந்தான்.

அவர்களுக்கு ஒரே பெண், அஸ்வினி. ஐந்தாவது படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. ஹைவே தூசியில் போய் வந்து பாதி நாள் படுக்கையிலேயே கிடந்தாள். அதனால்தான் போன வருஷம் ஆன்லைன் பள்ளியில் சேர்த்தார்கள். காலையில் மட்டும் வகுப்பு. வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்தால் பள்ளிக்கூடம். பக்கத்து வீட்டில் பூ கட்டுகிற வெள்ளையம்மாள் அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வாள். பிள்ளைக்கு உடம்பு தேறியது, சிரிப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரபாவதி மிஸ் கிடைத்தார். நாற்பது வயசுக்காரர், தனி ஆள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பார். சித்ராவுக்கே அவரைப் பிடித்திருந்தது. அப்படி யாரையாவது அவளுக்குப் பிடிப்பது அபூர்வம்.

மாசி பிறந்ததிலிருந்துதான் ஏதோ சரியில்லை.

முதலில் கண்டுபிடித்தது ஒரு ஃபிராடு. லீவு போட்டிருந்த ஒரு நாள் காலையில் சித்ரா பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்தாள். பாடத்தை முடித்துவிட்டு மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார், "நாளைக்கு ஆயுத பூஜை. புத்தகத்தை எல்லாம் சாமிகிட்ட வெச்சிடுங்க, ஒரு நாளைக்கு யாரும் தொடக் கூடாது." மாசி மாதத்தில் எங்கே வந்தது ஆயுத பூஜை? ஆக, நேரடி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் பழைய வீடியோவை ஓட்டுகிறார்கள். பிள்ளைகளின் மைக்கை அடைத்து வைத்திருப்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. சித்ராவுக்குக் கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. என் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

அதற்கப்புறம் நடந்ததுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஷிஃப்ட் மாறி ஒரு மத்தியானம் சீக்கிரமே வீடு திரும்பினாள். வாசலில் வெள்ளையம்மாள் முறத்தில் பூவைக் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா கிளாஸ்ல இருக்குது. சத்தம் போடாத" என்றாள்.

"இன்னேரத்துல இன்னா கிளாஸு பெரிம்மா?"

"தெனமும் இப்பதான ஒக்காருது? நீயே ஏற்பாடு பண்ணதுன்னு நெனச்சேன்."

உள்ளே அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. விளக்குப் போடாத இருட்டு. சம்பங்கி வாடிப்போனால் வரும் அந்தக் கனத்த வாசனை. லேப்டாப் வெளிச்சத்தில் அஸ்வினியின் பின்னந்தலை தெரிந்தது. திரையில் பிரபாவதி மிஸ், வழக்கமான நீலச் சுவருக்கு முன்னால், அசையாமல் உட்கார்ந்திருந்தார். சித்ரா இன்னும் வாசல்படியைத் தாண்டவில்லை. கேமராவுக்கு அவள் தெரிய வழியே இல்லை.

"அஸ்வினி, உங்கம்மா வந்துட்டாங்க பாரு. கதவைச் சாத்திட்டு வாம்மா" என்றார் மிஸ்.

பிள்ளை எழுந்து வந்தது. அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தியது.

சித்ரா ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது லேப்டாப் மூடியிருந்தது. அஸ்வினி கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். "தூங்கிக்கினு இருந்தேம்மா" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

உடனே பள்ளியின் நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்தவன் பெயர் சீனுவாசன். வீடியோ ஓட்டுவதைப் பற்றிக் கேட்டதும் வழவழவென்று இழுத்து, கடைசியில் ஒப்புக்கொண்டான். புது டீச்சர் வருகிற வரைக்கும்தான் மேடம், தப்பா நினைச்சிக்காதீங்க.

"சரி, காலையில வீடியோ போடறீங்க. மத்தியானத்துல எதுக்குப் புள்ளைங்களக் கூப்புடறீங்க?"

"மத்தியானம் நமக்குக் கிளாஸே கெடையாதே மேடம். பன்னெண்டு மணிக்கு மேல லிங்க்கே தொறக்காது."

"அப்ப பிரபாவதி மிஸ் எப்புடி என் பொண்ணுகூடப் பேசறாங்க?"

அவன் போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டான்.

"அவங்க லாங் லீவ்ல இருக்காங்க மேடம்" என்று சொல்லிப் போனை வைத்தவன், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

லீவில் இருக்கிற டீச்சர், ஸ்கூலுக்குத் தெரியாமல், அடுத்தவர் பிள்ளையை இருட்டறையில் உட்கார வைத்துப் பேசுகிறார். சித்ராவின் மனசு போகாத இடமெல்லாம் போயிற்று. இந்த நேரத்தில்தான் பெற்றோர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மயிலத்திலிருந்து ஒரு அம்மா அழுதுகொண்டே பேசி அனுப்பியிருந்தாள். அதே வகுப்பில் படிக்கிற அவள் மகன் பூவரசன் மத்தியானம் லேப்டாப் முன்னால் சரிந்து விழுந்தானாம். விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை. கண்ணைத் திறந்தபடியே கிடக்கிறானாம், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம்.

அதைக் கேட்டபோது அஸ்வினி இரண்டு வாய்ச் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. சித்ரா தட்டை நகர்த்திவிட்டுப் பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். அடுத்த நாளே லேப்டாப்பைத் தூக்கி பீரோவில் பூட்டினாள், பிள்ளையை வெள்ளையம்மாளிடம் விட்டாள், கிளம்பிவிட்டாள். பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அன்றைக்கு வெள்ளையம்மாள் கட்டிக்கொண்டிருந்தது கனகாம்பரம். அதற்கு வாசனையே கிடையாது. அப்படியென்றால் அறைக்குள் அந்தச் சம்பங்கி வாசனை எங்கிருந்து வந்தது?

மிஸ்ஸுக்குத் திண்டிவனம் என்பது ஏற்கெனவே தெரியும்; வீட்டைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமாக இல்லை. "எங்க வீட்டுக்குப் பக்கத்துல மல்லாட்டை மண்டி. அதனால எங்க தெரு எலியெல்லாம் உங்களைவிடக் குண்டா இருக்கும்" என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். மார்க்கெட்டில் வேர்க்கடலை மண்டியை விசாரித்ததும் ஒரு மூட்டைக்காரர் கையைக் காட்டினார். தெருவெல்லாம் மல்லாட்டைத் தோல் பறந்துகொண்டிருந்தது. ஓரத்தில் பழைய மாடி வீடு. கீழே கூடத்தில் ஒரு அம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பயறில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேல ஒரு டீச்சர் இருந்தாங்களே…"

அந்த அம்மாள் அவசரமாக முந்திக்கொண்டாள். "காலி பண்ணிட்டாங்க. வாடகைக்குப் பாக்க வந்தியா? நல்ல காத்தோட்டம். தண்ணிக் கஷ்டம் கெடையாது."

பேசும்போது அவள் சித்ராவின் முகத்தைப் பார்க்கவில்லை, பயறைப் பார்த்தாள். டோல்கேட்டில் இப்படிப் பார்வையைத் திருப்புகிறவர்களை சித்ரா ஆயிரம் பேர் பார்த்திருக்கிறாள். இவளும் ஏதோ மறைக்கிறாள். அப்படியென்றால் நாமும் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆமாங்கக்கா. வூடு பாக்கத்தான் வந்தேன்."

"எம்பேரு கிருஷ்ணவேணி. எங்க வூடுதான். இந்தா சாவி, நீயே போய்ப் பாத்துட்டு வா. எனக்கு முட்டி வலி, படி ஏற முடியல."

படி ஏறும்போது சித்ரா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கிருஷ்ணவேணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெடுக்கென்று எழுந்து உள்ளே நடந்து போனாள். முட்டி வலி இருக்கிறவள் நடக்கிற நடை இல்லை அது.

பூட்டைத் திறந்ததும் சம்பங்கி வாசனை வந்தது.

ஒரே அறை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஸ்விட்சைப் போட்டாள், கரண்ட் இல்லை. சாத்திய ஜன்னல் இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் ஒரு மேஜையும் அதன் பின்னால் ஒரு நாற்காலியும் தெரிந்தன. நாற்காலிக்குப் பின்னால் நீலச் சுவர். காலண்டர் மாட்டிய ஆணி. தினமும் திரையில் பார்த்த அதே இடம். மேஜைமேல் லேப்டாப் இல்லை, ஒயர் இல்லை, ஒன்றுமே இல்லை. எல்லாவற்றின் மீதும் தூசி.

இங்கே உட்கார்ந்து நேற்று யாரும் பாடம் நடத்தியிருக்க முடியாது. இந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தே வாரக் கணக்காகியிருக்கும். அப்படியானால் இதே மாதிரி சுவர் அடித்து, வேறெங்கோ உட்கார்ந்து, யாரோ ஏமாற்றுகிறார்கள். சித்ரா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டாள். அஸ்வினிதான் எடுத்தாள். குரல் கிசுகிசுவென்று வந்தது.

"அம்மா, கிளாஸ் நடக்குது. அப்பறமா பேசு."

"கிளாஸா? யார்டீ எடுக்கறது?"

"பிரபாவதி மிஸ்."

"எங்க ஒக்காந்துருக்காங்க?"

"எப்பவும் ஒக்கார்ற எடந்தான். நீலச் செவுத்துக்கு முன்னாடி." பிள்ளை கொஞ்சம் நிறுத்தியது. "அம்மா… நீ எப்ப மிஸ் வூட்டுக்குப் போன?"

"இன்னாடீ சொல்ற?"

"மிஸ்ஸுக்குப் பின்னாடி நிக்கிறியே."

நாற்காலி காலியாக இருந்தது. அவள் கைக்கெட்டும் தூரத்தில்.

அப்போதும் சித்ரா சித்ராவாகத்தான் இருந்தாள். எங்கேயாவது கேமரா ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று சுவரையும் கூரையையும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மெதுவாக இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"நான் இப்ப இன்னா பண்றேன், சொல்லு."

"கையத் தூக்கினு நிக்கிற. கீழ போடும்மா, மிஸ் சிரிக்கிறாங்க."

கை தானாகக் கீழே விழுந்தது.

"அஸ்வினி, லேப்டாப்ப மூடு. மூடுடீ மொதல்ல!"

"பீரோல தானம்மா இருக்குது? நீதான பூட்டிட்டுப் போன?"

சித்ராவின் கை இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவியைத் தொட்டுப் பார்த்தது.

"பூவரசனும் வந்துட்டாம்மா" என்றாள் பிள்ளை, தோழி வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோல. "மிஸ் பக்கத்துல கீழ ஒக்காந்துருக்கான். அடுத்தது நான்தானாம்."

சித்ரா கீழே பார்த்தாள். தரை முழுக்கத் தூசி. நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு பிள்ளை சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்கு, துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஓடிப்போய் கிருஷ்ணவேணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நெஜத்தச் சொல்லுக்கா. அந்த டீச்சர் எங்க?"

"அதான் காலி பண்ணி…"

"என் பொண்ணு அவங்ககிட்டதான் படிக்கிறா. எம்பொண்ணு உசுருக்கா!"

கிருஷ்ணவேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செத்துட்டாங்கம்மா" என்றாள். "தை கடைசியில. வெளிய சொன்னா வூட்டுக்கு ஆள் வராதுன்னு மூடி மறச்சிட்டேன், தப்புதான். காலையில கிளாஸ் எடுத்துக்கினு இருந்தவங்க, அப்பிடியே நாற்காலியில போயிட்டாங்க. ஹார்ட்டுன்னாங்க. நாங்க பாத்தது சாயங்காலம். அதுவரைக்கும் ஒக்காந்த வாக்குல, கண்ணு தொறந்தபடிக்கு அந்த மெஷினயே பாத்துக்கினு இருந்தாங்க. அவங்க அண்ணன் தேவநாதன் வந்து அவங்க சொந்த ஊரு இரும்பைக்கு எடுத்துக்கினு போயிட்டாரு. காரியமெல்லாம் அங்கதான். செத்த எடத்துல ஒரு வெளக்குகூட ஏத்தல. மூணாம் நாளு ஸ்கூல்காரங்க வந்து லேப்டாப்ப எடுத்துக்கினு போனாங்க."

வகுப்பு நடக்கும்போதே. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"அஸ்வினி" என்றாள் சித்ரா, குரலை அடக்கிக்கொண்டு. "அம்மா கேக்கறதுக்கு பதில் சொல்லு. மிஸ் என்னிக்காவது கிளாஸ் நடுவுல அசையாம இருந்தாங்களா?"

"ம். அன்னிக்கு மிஸ் ஸ்டக் ஆயிட்டாங்க. நெட்வொர்க் போயிடுச்சி போலன்னு எல்லாரும் வெயிட் பண்ணோம். வரவே இல்ல. அப்பறம் டைம் ஆயிடுச்சி."

"அப்பறம் இன்னா பண்ணீங்க?"

"சொல்லிட்டுத்தாம்மா வந்தோம்." பிள்ளையின் குரலில் லேசாக விசில் சத்தம் கேட்டது. இழுப்பு ஆரம்பித்திருந்தது. "பூவரசன் சொல்லாமலே போலாம்னான். நான்தான், மரியாதையில்லாம அப்பிடிப் போகக் கூடாதுன்னு சொன்னேன். எல்லாரும் ஒவ்வொருத்தரா, போயிட்டு வர்றேன் மிஸ்னு சொன்னோம்."

சித்ரா போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கிருஷ்ணவேணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவிங்களா" என்றாள், காற்றே இல்லாத குரலில். "சாவு வூட்ல இருந்து யாராச்சும் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுக் கெளம்புவாங்களா?"

யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். துக்க வீட்டுக்குப் போனால் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், எழுந்து வந்துவிடுவார்கள். அது துக்க வீடு என்று பிள்ளைகளுக்கு யார் சொல்வது? பை என்று சொல்லக் கூடாது, போறேன் என்றும் சொல்லக் கூடாது, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அஸ்வினியைப் பழக்கியவளே சித்ராதான். "உங்க பொண்ணைப் பாத்து இப்ப கிளாஸே அப்படித்தான் சொல்லுது மேடம். தனியா இருக்கறவளுக்கு அதைக் கேட்டா எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?" என்று ஒரு முறை மிஸ் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு செத்த உடம்புக்கு முன்னால் உட்கார்ந்து, அத்தனை பிள்ளைகளும் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொள்கிறார்.

"அம்மா" என்றது போன். விசில் சத்தம் கூடியிருந்தது. "மிஸ் என்ன எழுந்துக்கச் சொல்றாங்க. நேரமாயிடுச்சாம்."

"எழுந்துக்காத! பெரிம்மா எங்க? அந்த இழுப்பு பம்ப எடுத்து வாயில வெச்சி அடி!"

"பெரிம்மா கடைக்குப் போயிருக்காங்க." மூச்சு. மறுபடியும் மூச்சு. "நான் போறேம்மா…"

சித்ரா மாடிப்படியில் ஓடினாள். கிருஷ்ணவேணி கீழேயிருந்து ஏதோ கத்தியது காதில் ஏறவில்லை. அறைக்குள் நுழைந்து மேஜைக்கு முன்னால், அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள். யாரையும் நம்பாத சித்ரா, ஒன்றுமில்லாத நாற்காலியிடம் கைகூப்பினாள்.

"மிஸ், நான் அஸ்வினியோட அம்மா" என்றாள். "அவ வர்றேன்னு சொன்னா. அவளுக்குப் பதிலா நான் வந்துட்டேன். பாருங்க, வந்துட்டேன்."

சம்பங்கி வாசனை தொண்டை வரைக்கும் வந்தது.

போனில் இழுப்புச் சத்தம் அறுந்து அறுந்து கேட்டது. போதாதா? வேறென்ன? துடைத்த தரை கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டிருக்கிற அந்த மயிலத்துப் பெண்ணின் குரல் ஞாபகம் வந்தது. அந்தப் பையனையும் இதில் மாட்டிவிட்டது தன் பெண்ணின் மரியாதைதான்.

"பூவரசனுக்கும் பதிலா வந்துட்டேன். மத்த புள்ளைங்க எல்லாத்துக்கும் பதிலா வந்துட்டேன். கொழந்தைங்க மிஸ். நீங்க சாப்ட்டியான்னு கேட்ட கொழந்தைங்க. வுட்டுடுங்க."

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தால் வருகிற சத்தம்.

அப்புறம் போனில் ஒரு பெரிய மூச்சு. தண்ணீரிலிருந்து தலையை வெளியே தூக்கினதுபோல.

"அம்மா" என்றாள் அஸ்வினி. "பசிக்குது."

சித்ரா அழுதுகொண்டே படியிறங்கினாள். கிருஷ்ணவேணி வாசலிலேயே நின்றிருந்தாள். சாவியை வாங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒண்ணும் சொல்லாத. அப்பிடியே போயிக்கினே இரு" என்றாள் சுவரைப் பார்த்து. வாய்வரைக்கும் வந்த பழக்கத்தை சித்ரா உதட்டைக் கடித்து நிறுத்தினாள். திரும்பியே பார்க்காமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மல்லாட்டைத் தோல் பறக்கிற தெருவில் இறங்கி நடந்தாள்.

பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டேதான் வந்தாள். வெள்ளையம்மாள் போன் பண்ணி, பிள்ளை ரசம் சாதம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னாள். கூட்டேரிப்பட்டுக்குள் பஸ் நுழையும்போது குரூப்பில் பூவரசனின் அம்மா பேசி அனுப்பியிருந்தாள். பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டானாம், இட்லி வேண்டும் என்று அழுகிறானாம். சித்ரா அதைக் காதில் வைத்து மறுபடி மறுபடி கேட்டாள். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பிள்ளையைத் தொட்டாள். தொட்டவள் விடவில்லை. அஸ்வினியின் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. மூச்சு சீராக வந்தது. வெள்ளையம்மாள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். சித்ரா விளக்கேற்றிவிட்டு, அடுப்பில் கல்லைப் போட்டு தோசை வார்த்தாள். அடுத்த வருஷம் பழைய பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடுவது, ஹைவேயை விட்டுத் தள்ளி வீடு பார்ப்பது, குமரேசன் வந்ததும் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, ஒவ்வொரு தோசையாகப் பிள்ளையின் தட்டில் போட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கும் பசித்தது.

"ஏம்மா" என்றாள் அஸ்வினி, தோசையைப் பிட்டுக்கொண்டே. "நீ ஏன் மிஸ்கிட்ட சொல்லிக்காம வந்துட்ட?"

"அந்தப் பேச்சு வேணாம். சாப்புடு."

"மிஸ் பாவம். ஒரு மாதிரி ஆயிட்டாங்க. ஆனா மிஸ் அப்பிடிப் பண்ணல. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் எழுந்து போனாங்க."

சித்ராவின் கையில் தோசைக் கரண்டி அப்படியே நின்றது.

"இன்னா சொன்னாங்க?"

"போயிட்டு வர்றேன் அஸ்வினின்னு சொன்னாங்க."

கல்லில் தோசை கருகுகிற வாசனை வந்தது.

"நீ… நீ இன்னா சொன்ன?"

பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. இது ஒரு கேள்வியா என்பதுபோல.

"வாங்க மிஸ்னு சொன்னேன். நீதான சொல்லிக் குடுத்த?"

வாசலில், யாரோ செருப்பைக் கழற்றி விடுகிற சத்தம் கேட்டது.